போர் தண்ணியில புளோரைடு அதிகம், பேஸ்ட்டுலயும் வேணுங்களா? குழந்தை பல்லுல வெள்ளைக் கோடு

தோட்டத்து அம்மணி:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடு. பையனுக்கு 7 வயசு, பாப்பாவுக்கு 4. போர் தண்ணியைச் சோதிச்சதுல புளோரைடு லிட்டருக்கு 1.8 மில்லிகிராம்னு வந்திருக்கு. அதனால ரெண்டு பேருக்கும் புளோரைடு இல்லாத பேஸ்ட்தான். வெள்ளைச் சர்க்கரை வீட்டுக்குள்ள வர்றதில்லை. பாலுக்கு நாட்டுச்சர்க்கரை, கொறிக்க எள்ளுருண்டை, கடலை மிட்டாய். அப்படியும் பாப்பாவோட மேல் முன்பல்லுல ஈறை ஒட்டி வெள்ளையா ஒரு கோடு தெரியுது. புளோரைடு கறையா, சொத்தையா? பால் பல்லு, தானா விழுந்துருமுன்னு அத்தை சொல்றாங்க.

ஈறும் பல்லும்:
காத்தால வெளிச்சத்துல பாப்பாவை மடியில சாய்ச்சு, மேல் உதட்டை விரலால தூக்கிப் பாருங்க. பல்லைச் சுத்தமான துணியால ஒத்தி ஈரத்தை எடுத்துருங்க. கோடு ஈறோட வளைவை ஒட்டியே போகுது, சுண்ணாம்பு மாதிரி மங்கலா இருக்குது, அதுக்கு மேல மாவு மாதிரி அழுக்கு படிஞ்சிருக்குதுன்னா அது சொத்தையோட முதல் படி. புளோரைடு கறைன்னா ரெண்டு பக்கமும் ஒரே ஜோடிப் பல்லுல, பல்லோட குறுக்கே மேகம் மாதிரி பரவியிருக்கும். பால் பல்லுல அது குறைவாத்தான் வரும், நிலைப்பல்லுலதான் அதிகம். நீங்க சொல்ற இடத்தை வச்சுப் பார்த்தா எனக்குச் சொத்தைன்னுதான் படுது.

வெசனப்படாதீங்க. குழி விழாத வரைக்கும் அதைத் திருப்பலாம். நேரா பார்க்காம முடிவு சொல்லக் கூடாது, அதனால இந்த மாசத்துக்குள்ளயே பல் டாக்டர்கிட்டக் காட்டிருங்க. புளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லிக் கேளுங்க. ரெண்டு நிமிஷ வேலை, ஊசி கிடையாது. 3 மாசம் இல்லாட்டி 6 மாசத்துக்கு ஒருக்கா பூசுவாங்க. குழியான பிறகு போனா அடைக்கத்தான் முடியும்.

நீர்க்கணக்கு:
பேஸ்ட்டை நிறுத்துனது தப்பான இடத்துல கைவச்ச மாதிரிங்க. கணக்கைப் பாருங்க. 1000 பிபிஎம் பேஸ்ட்டுல ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம் புளோரைடு. பட்டாணி அளவு வச்சா கால் கிராம் பேஸ்ட். முழுசா முழுங்குனாலும் 0.25 மில்லிகிராம்தான். உங்க போர் தண்ணியை ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் குடிச்சா 1.8 உள்ள போகுது. சோறும் பருப்பும் அதே தண்ணியில வெந்தா அதுவும் சேரும்.

குடிநீருக்கு இந்தியத் தர அளவு 1.0, வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும். காய வச்சா புளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். மெழுகுவர்த்தி ஃபில்டரும் எடுக்காது. குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. தண்ணி, இல்லாட்டி ஆத்துக் குடிநீர்க் குழாய்த் தண்ணி வைங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தோட பேருலயே புளோரோசிஸ் (புளோரைடு அதிகமாகி பல்லும் எலும்பும் கெடுறது) தணிப்பு இருக்குது. அங்கயும் வழி, தண்ணியை மாத்துறதுதான். நிலைப்பல் உருவாகுற 8 வயசு வரைக்கும் இது ரொம்ப முக்கியம்.

கடைவாய்:
நாட்டுச்சர்க்கரையும் பல்லுக்குச் சர்க்கரைதாங்க. வெல்லம், கருப்பட்டி எல்லாத்துலயும் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில இருக்கிற அதே பொருள். கிருமி அதைத் தின்னு அமிலமா மாத்தும். பல் மேல பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழ போனா பல்லோட வெளி ஓடான எனாமல் கரையும். எச்சில் அதைச் சரிபண்ண அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதனால எவ்வளவு தின்னாங்கிறதை விட எத்தனை தடவை தின்னாங்கிறதுதான் கணக்கு. அஞ்சு கடலை மிட்டாயைச் சோத்தோட ஒரே நேரத்துல தின்னா ஒரு தாக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததுல இருந்து பொழுதோட வரைக்கும் ஒண்ணொண்ணா கடிச்சா அஞ்சு தாக்கு. அதுலயும் பாகு கடைவாய்ப் பல் குழியில ஒட்டிக்கும்.

ராத்திரி பல் விளக்குன பிறகு சர்க்கரை போட்ட பால் கூடவே கூடாது. தூக்கத்துல எச்சில் சுரப்பு குறைஞ்சு போகும், கழுவ ஆளில்லை. முதல்ல இதை நிறுத்துங்க.

தோட்டத்து அம்மணி:
ரொம்ப நன்றிங்க. பாலை ராச்சோத்தோடயே குடுத்துடறேன். பேஸ்ட் எவ்வளவு வைக்கோணும்? பாப்பா துப்பத் தெரியாம முழுங்கிருவா. பையன் ஆலங்குச்சியும் கேக்குறான், அவங்க தாத்தாவைப் பார்த்து.

ஈறும் பல்லும்:
3 வயசு வரைக்கும் அரிசி அளவு, 3 முதல் 6 வரை பட்டாணி அளவு. பாப்பா துப்பப் பழகுற வரைக்கும் தண்ணி மாத்துறதோட சேர்த்து அரிசி அளவே வைங்க, டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ரெண்டு நேரம், ரெண்டு ரெண்டு நிமிஷம். பிரஷ்ஷை நீங்கதான் பிடிக்கோணும். 7, 8 வயசு வரைக்கும் குழந்தைக்கு உள்பக்கம் கை எட்டாது. நுரையைத் துப்புனதும் வாய் கொப்புளிக்காதீங்க, பேஸ்ட் பல் மேல தங்கினாத்தான் வேலை செய்யும். ஆலங்குச்சி தாத்தா கையில சரி. குழந்தைக்குப் பல்லிடுக்குல போகாது, ஈறையும் குத்தும்.

கடைவாய்:
அத்தைகிட்ட ஒண்ணு சொல்லுங்க: முன் பால் பல் 6, 7 வயசுல விழும், ஆனா பின் பால் கடைவாய்ப் பல் 10, 12 வயசு வரைக்கும் நிக்கோணும். சொத்தையில முன்னாடியே பிடுங்கினா நிலைப்பல்லுக்கு இடம் போயிரும்.

பையனுக்கு இப்பவே பார்க்க வேண்டியது கடைசிப் பால் பல்லுக்குப் பின்னாடி முளைச்சிருக்கும் பெரிய பல்லு. எதுவும் விழாம புதுசா வர்றதால அதையும் பால் பல்லுன்னு விட்டுருவாங்க. 6 வயசுல முளைக்கிற அது ஆயுசுக்கும் நிலைப்பல்லு. அதோட மேல்பக்கத்துல இயல்பா இருக்கிற பள்ளம் ஆழமா இருந்தா, அதை மூடுற சீலண்ட் பூச்சு வைக்கச் சொல்லுங்க. வச்ச பிறகும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பெயர்ந்திருக்குதான்னு பார்க்கோணும்.