'லா கலோர்' என்பது பிழையா?

மாட்ரிட்வாசி:
ஸ்பானியத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு: ஆண்பாலுக்கு முன்னால் 'எல்', பெண்பாலுக்கு 'லா'. வெப்பம் 'எல் கலோர்', ஆண்பால். ஆனால் தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியாவில் பலர் 'லா கலோர்' என்று பெண்பாலாக்கிப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் இது அப்பட்டமான பிழை. லத்தீனில் 'கலோர்' ஆண்பால். இத்தாலிய 'கலோரே'யும் போர்த்துகீசிய 'கலோர்' என்பதும் ஆண்பால்தான். பெண்பால் வழக்கு கொச்சை, தவிர்க்க வேண்டும் என்று ஸ்பானிய அரச மொழிக் கழகமே சொல்கிறது. அப்புறம் என்ன வாதம்?

ஷலேர்பிரியை:
லத்தீனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அதன் எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட வேண்டும், சார். பிரெஞ்சு 'ஷலேர்' பெண்பால். கட்டலானிலும் கலீசியத்திலும் பெண்பால். இடைக்கால ஸ்பானியத்திலும் செவ்வியல் ஸ்பானியத்திலும் பெண்பால்தான் சகஜம் என்று கழகம் அதே குறிப்பில் எழுதியிருக்கிறது. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டீர்களே! கைதி ஒருவன் புலம்புவதாக வரும் பழைய கதைப்பாடலில் மே மாத வெயில் 'லா கலோர்'தான்.

மாட்ரிட்வாசி:
அந்தக் காலத்தில் நிறத்தையும்தான் 'லா கொலோர்' என்றார்கள். இன்று தேர்வில் அப்படி எழுதினால் மார்க் போய்விடும்.

கல்வெட்டான்:
இரண்டு பேரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். நிறம், வலி, வெப்பம் மூன்றுமே லத்தீனில் 'ஓர்' என்று முடியும் ஆண்பால் சொற்கள். இத்தாலியன் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டது. பிரெஞ்சு மூன்றையும் பெண்பாலாக்கியது: கூலேர், தூலேர், ஷலேர். ஆனால் மானத்தைக் குறிக்கும் 'ஒனேர்' அங்கே ஆண்பாலாகவே நிற்கிறது. போர்த்துகீசியம் இன்னும் விசித்திரம். நிறமும் வலியும் பெண்பால், வெப்பம் மட்டும் ஆண்பால்! ருமேனியம் இந்த வம்பே வேண்டாமென்று, சூடான என்னும் பொருளுள்ள 'கல்த்' என்பதிலிருந்து 'கல்துரா' என்று வேறு சொல்லை வைத்துக்கொண்டது. அதுவும் பெண்பால். இதில் லத்தீனைக் காட்டி யாரைத் திருத்துவது?

மாட்ரிட்வாசி:
மாறியது என்பது வேறு, இன்றைக்கு எது சரி என்பது வேறு. எழுத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டாமா? லத்தீன் காலத்திலேயே சூடானது என்பதற்கு "'கலிதா' என்று சொல், 'கல்தா' என்று சொல்லாதே" எனப் பட்டியல் போட்டு வைத்தார்கள்.

ஷலேர்பிரியை:
நல்லவேளை, நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள். ரோமானிய இலக்கண ஆசிரியர் ப்ரோபுஸ் பெயரில் வழங்கும் பட்டியல்தானே அது? அதில் வேண்டாம் என்று தள்ளிய வடிவம்தான் ஜெயித்தது. இத்தாலிய 'கால்தோ', பிரெஞ்சு 'ஷோ', ருமேனிய 'கல்த்' எல்லாம் அந்தக் குறுகிய வடிவத்தின் வாரிசுகள். ஸ்பானியத்தில் அதுவே 'கால்தோ' என்று சூப்பாகக் கிண்ணத்துக்கு வந்துவிட்டது. சூடான என்னும் பொருளில் இன்று வழங்கும் ஸ்பானிய 'காலிதோ' படித்தவர்கள் பிற்பாடு லத்தீனிலிருந்து எடுத்துப் போட்ட சொல். பேரன் காயுஸ் 'கல்தும்' என்னாமல் 'கலிதும்' என்று நீட்டியதை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கடிதத்தில் கண்டித்தார் என்று ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் க்விந்திலியன் எழுதியிருக்கிறார். 'கலிதும்' லத்தீனே அல்ல என்று அகஸ்டஸ் சொல்லவில்லை. எரிச்சலூட்டும் பகட்டு என்றார். பேரரசரே வாய்ப்பேச்சின் பக்கம்!

மாட்ரிட்வாசி:
அவர் பேசியது நடுவில் ஓர் உயிரொலி விழுவதைப் பற்றி. பால் மாறுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

குழாயடி:
குறுக்கே வருகிறேன். இத்தாலியில் குழாயில் 'சி' என்று இருந்தால் கோல்டு என்று நம்பித் திறக்காதீர்கள். அது 'கால்தோ', அதாவது சூடு. கை வெந்துவிடும்.

கல்வெட்டான்:
சம்பந்தம் இருக்கிறது. இரண்டிலும் முதலில் முத்திரை குத்தியது 'கொச்சை' என்றுதான். ஆண்டலூசியாவில் வேடிக்கையாக ஒரு படிவரிசையே சொல்வார்கள்: சாதாரண வெப்பம் 'எல் கலோர்', தாங்க முடியாமல் போனால் 'லா கலோர்', அதற்கும் மேலே பன்மையில் 'லாஸ் கலோரேஸ்'. இந்த வித்தியாசம் மாட்ரிட் ஸ்பானியத்தில் ஏது?

மாட்ரிட்வாசி:
பேச்சில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் 'லா' வந்தால் சிவப்பு மைதான்.

ஷலேர்பிரியை:
அந்தக் கைதிப் பாட்டுக்கும் சேர்த்தா?

மாட்ரிட்வாசி:
அதற்கு இல்லை. இலக்கியத்தில் பழமைச் சாயலுக்காகப் பெண்பால் வரலாம் என்று கழகமே விட்டுவைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப்பாடம் இலக்கியமா என்ன?