ஜமைக்காவின் கடன் பாதியானது எப்படி?

கேள்வி:
2013-ல் ஜமைக்காவின் அரசுக் கடன் ஜி.டி.பி.யில் 140%-க்கு மேல். 2024-ல் 75%-க்கும் கீழே. வெனிசுலா கடனைத் தள்ளுபடி செய்ததுதான் காரணம் என்கிறார்கள். சரியா?

பதில் 1:
அது ஒரு பகுதிதான், அதுவும் தள்ளுபடி அல்ல. 2005-ல் தொடங்கிய பெட்ரோகரிபே, கரீபிய நாடுகளுக்கு வெனிசுலா எண்ணெய் விற்ற ஒப்பந்தம். அதில் ஜமைக்கா எண்ணெய்க்குத் தர வேண்டிய பணத்தில் ஒரு பங்கை 25 ஆண்டுக் கடனாக வைத்துக்கொள்ள முடிந்தது. எண்ணெய் விலை ஏறியிருந்தால் வட்டி 1%. இப்படிச் சேர்ந்தது சுமார் 300 கோடி டாலர். 2015-ல் வெனிசுலாவுக்கு ரொக்கம் அவசரம். ஜமைக்கா சந்தையில் கடன் பத்திரம் விற்று, 150 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தது. இதனால் கடன் குறைந்த அளவு ஜி.டி.பி.யில் ஏறக்குறைய 10%. மீதிக்கு வேறு காரணம் வேண்டும்.

பதில் 2:
அந்த மீதி, முதன்மை உபரி. வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால் அரசின் வருவாய், செலவைவிட ஜி.டி.பி.யில் 7.5% கூடுதலாக இருக்க வேண்டும் என்பது 2013 ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கடன் திட்டத்தின் இலக்கு. உலகில் மிகச் சில நாடுகளே இதைப் பல ஆண்டுகள் தாங்கியிருக்கின்றன.

கூடவே உள்நாட்டுப் பத்திர மாற்று, அதாவது பழைய கடன் பத்திரங்களுக்குப் பதில் புதியவற்றைக் கொடுப்பது, 2010-லும் 2013-லும். இரண்டிலும் வட்டியைக் குறைத்து, தவணையை நீட்டினார்கள். அசலில் அநேகமாகக் கை வைக்கவில்லை. பத்திரங்களை வைத்திருந்தது உள்ளூர் வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும். அசலை வெட்டினால் அவைதான் முதலில் சாயும். 1990-களின் வங்கி நெருக்கடியை மீட்ட செலவே இந்தக் கடனில் பெரிய பங்கு என்பதால் அந்தப் பயம் நியாயமானது.

2010-ன் ஐ.எம்.எஃப். திட்டம் 2011-லேயே தடம் புரண்டது. அரசு ஊழியர் சம்பள நிலுவையைக் கணக்குக்குள் அடக்க முடியாமல் போனது முக்கியக் காரணம்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் 2013-ல் தொழிற்சங்கங்கள் சம்பளத்தை உயர்த்தாமல் நிறுத்திவைக்கும் முடக்கத்துக்கு எப்படி ஒப்புக்கொண்டன?

பதில் 2:
பத்திர மாற்றும் சம்பள ஒப்பந்தமும் முடிந்தால்தான் ஐ.எம்.எஃப். கையெழுத்திடும். அதன் 93 கோடி டாலர் வந்தால்தான் உலக வங்கியும் அமெரிக்க நாடுகளின் வளர்ச்சி வங்கியும் தலா 51 கோடி தரும். வேறு வாசல் இல்லை. சங்கங்கள், தனியார் துறை, அரசு மூன்றும் சேர்ந்த கண்காணிப்புக் குழு கணக்குகளை ஆராய்ந்து வெளிப்படையாக அறிக்கை தந்தது. 2016-ல் ஆட்சி மாறியும் திட்டம் மாறாததற்கு அந்தக் குழுவே பெரிய காரணம் என்பேன்.

பதில் 3:
விலையையும் சொல்லுங்கள். விலைவாசி ஏறும்போது சம்பளம் நின்றால் உண்மைச் சம்பளம் சரிகிறது. சாலை, பள்ளி, மருத்துவமனைக்கான முதலீடு சுருங்கியது. கடன் விகிதம் விழுந்தும் வளர்ச்சி மெதுவாகவே நகர்ந்தது. அந்தச் சுமையை அதிகம் சுமந்தவர்கள் செவிலியரும் ஆசிரியரும்தான்.