புரோட்டோடைப்: முன்மாதிரியா, முதலுருவா, இயங்குருவா?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களுக்கான செயல்திட்டக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆய்வு, காப்புரிமை, நேர்காணல் பகுதிகள் ஒருவழியாக முடிந்தன. 'புரோட்டோடைப்' (prototype, ஒரு கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக முதலில் செய்யும் வடிவம்) வந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

அகராதியில் 'முன்மாதிரி' இருப்பது தெரியும். சிக்கல் மதிப்பெண் பட்டியலில்தான். அங்கே மாடல், சாம்பிள், புரோட்டோடைப் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். மாடலுக்கும் மாதிரி, சாம்பிளுக்கும் மாதிரி, மூன்றாவதற்கு முன்மாதிரி என்று போட்டால், எதைக் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்றே மாணவருக்கு விளங்காது. போதாக்குறைக்கு, அதே கையேட்டின் முன்னுரை 'பிறருக்கு முன்மாதிரியாகத் திகழுங்கள்' என்று முடிகிறது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சொல்லைப் பார்த்ததுமே 'இது வேலை செய்கிறதா?' என்ற கேள்வி எழ வேண்டும். உதவுங்கள்.

மின்னணுவியல் பேராசிரியர்:

அம்மா, நீங்கள் சொல்லும் குழப்பத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். நீரின் கலங்கலை அளக்கும் கருவி என்று இரண்டு குழுக்கள் ஒரே தலைப்பை எடுத்தன. ஒரு குழு தெர்மக்கோலில் அழகான பெட்டி செய்து, திரை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்ணை அச்சிட்டு ஒட்டிக் கொண்டுவந்தது. இன்னொரு குழுவின் கருவி கறுப்பு பிவிசி குழாய்த் துண்டு. அதில் செங்கோணத்தில் இரண்டு துளைகள். ஒன்றில் 860 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி, மற்றதில் ஒளி டயோடு. மின்சுற்றைச் செருகிச் சோதிக்கும் பலகையான பிரெட்போர்டிலிருந்து கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நீரில் துகள் இருந்தால் ஒளி பக்கவாட்டில் சிதறும். 90 பாகையில் நிற்கும் டயோடு அதைப் பிடிக்கும்.

தெளிந்த நீரை ஊற்றியபோதும் எண் ஏறியது. பிள்ளைகள் எல்இடியை மாற்றிப் பார்த்தார்கள், நிரலைத் திருத்திப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு மாணவி குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தினாள், எண் இறங்கியது. மூடியின் இடுக்கு வழியாக அறை வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. அப்படியொரு குறையைக் காட்டிக்கொடுப்பதற்காகத்தான் புரோட்டோடைப் செய்கிறோம். படிவத்தில் இரண்டு குழுவுமே 'முன்மாதிரி தயார்' என்று எழுதியிருந்தன. ஆகவே புதுச்சொல் வேண்டும் என்பதே என் கட்சி. எந்தச் சொல் என்பதைத் தமிழறிந்தவர்கள் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பேராசிரியர் சொன்ன அந்தக் கறுப்புக் குழாய்க்கு வள்ளுவர் என்றோ சான்று எழுதி வைத்துவிட்டார்: 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும் உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார் உடைத்து.'

நான் முன்வைப்பது முதலுரு. கிரேக்கத்தில் 'புரோட்டோஸ்' என்றால் முதல், 'டைப்போஸ்' என்றால் அச்சு, பதிவு. அதற்காக மட்டும் சொல்லவில்லை. நம்மிடம் முதல்நூல், வழிநூல் என்ற பாகுபாடு இருக்கிறது. 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதல்நூல் ஆகும்' என்பது தொல்காப்பிய மரபியல். எதையும் பார்த்துச் செய்யாமல் முதன்முதலாக உருவெடுப்பது முதல்நூல் என்றால், அப்படி உருவெடுக்கும் கருவி முதலுரு. அதை வைத்துப் பிறகு தொழிற்சாலையில் செய்பவை வழியுருக்கள். முனைவர் பட்ட ஆய்வாளர் செய்யும் கருவிக்கு முனைவன் வருகிற நூற்பாவிலிருந்தே சொல் கிடைப்பது கூடுதல் பொருத்தம்.

'மாதிரி'யை விட்டுவிடுங்கள். 'அவன் மாதிரி', 'ஒரு மாதிரியாக இருக்கிறது' என்று பேச்சில் தேய்ந்துபோன சொல். கலைச்சொல்லின் சுமையை அது தாங்காது.

மென்பொருள் தமிழாக்கர்:

ஐயா, முதலுரு கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாணவர்கள் ஒரு புரோட்டோடைப்போடு நிறுத்துவதில்லையே. மூன்றாவதை என்னவென்று சொல்வது? 'மூன்றாவது முதலுரு' என்றால் முரணாக இல்லையா? வினையாக்கிப் பாருங்கள். 'முதலுருவாக்கம்' என்றால் படிப்பவர் 'முதல் உருவாக்கம்' என்றுதான் பிரிப்பார்.

மென்பொருளை முழுதாக வெளியிடும் முன் சோதிக்கத் தரும் பீட்டா பதிப்பை 'வெள்ளோட்டப் பதிப்பு' என்று எழுதி வருகிறோம், மக்களுக்கும் புரிகிறது. அதே வழியில் வெள்ளோட்டக் கருவி என்று வைக்கலாம். தேருக்கும் கப்பலுக்கும் வெள்ளோட்டம் விட்ட மரபு நம்முடையது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'பத்தாவது முதலமைச்சர்' என்று செய்தித்தாளில் எழுதினால் யாருக்கும் முரணாகப் படுவதில்லை. 'முதல்' என்பது எண்ணுப்பெயர் மட்டுமன்று. மூலம், அடி என்றும் பொருள் உண்டு. இலக்கணத்தில் முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் சொல்கிறோம், அங்கே ஒன்று இரண்டு என்ற எண்ணிக்கையா இருக்கிறது? அகப்பொருள் இலக்கணத்தில் முதல், கரு, உரி என்கிறபோது நிலமும் பொழுதும்தான் முதற்பொருள்.

வெள்ளோட்டம் அருமையான சொல், ஆனால் அது நிகழ்ச்சி. செய்து முடித்த தேரைத்தான் வெள்ளோட்டம் விடுவார்கள். புரோட்டோடைப் செய்கிறபோது தேரே இன்னும் முடிவாகவில்லை.

அந்த 'வெள்' பற்றி எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். அது நிறமாக இருக்க முடியாது. 'வெண்மை எனப்படுவது யாதெனின்' என்ற குறளில் வெண்மை என்பது அறிவு முதிராமை. முதிராத ஓட்டம், பாரம் ஏற்றாத ஓட்டம், அதனால் வெள்ளோட்டம். இதை ஏற்றால் 'வெள்ளுரு' என்றே ஒரு சொல் பிறக்கும்: முதிராத உரு. முதலுருவுக்கு இணையாக அதையும் வைக்கிறேன்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, வெள்ளுரு என்றால் மாணவர் வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

இயற்பியல் ஆய்வாளர்:

எந்தப் புரோட்டோடைப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். 1889 முதல் 2019 மே 20 வரை ஒரு கிலோகிராம் என்றால் பாரிசுக்கு அருகில் பாதுகாக்கப்படும் பிளாட்டினம்-இரிடியம் உருளையின் நிறை. அதன் பெயரே பன்னாட்டுப் புரோட்டோடைப் கிலோகிராம். அது சோதனைக்காகச் செய்து பார்த்த பொருளன்று. மற்ற எல்லா எடைக்கல்லும் அதோடு ஒத்துப்பார்க்கப்பட்டன. அந்தப் பொருளில் 'மூலப்படி' என்பதே சரி. முதலுருவுக்குள் இரண்டையும் அடைத்தால் நாளை இயற்பியல் நூல்களில் இடிக்கும்.

செயற்கைக்கோள் குழு மாணவி:

எங்கள் சிக்கல் இன்னும் பெரியது. ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் 1999-இல் வகுத்த கியூப்சாட் என்ற சிறு செயற்கைக்கோள் அளவை, அதாவது ஒரு பக்கம் 10 செ.மீ. உள்ள கனசதுரத்தை, வைத்துத்தான் நாங்கள் வேலை செய்கிறோம். ஒரே செயற்கைக்கோளைப் பலமுறை செய்கிறோம். மேசையில் பரப்பிவைத்துச் சுற்றுகளைச் சரிபார்ப்பது ஒன்று. அதிர்வு மேடையிலும் வெப்ப வெற்றிட அறையிலும் வாட்டி வதைப்பதற்கென்று ஒன்று. அது விண்ணுக்குப் போகாது. கடைசியாகப் பறக்கப்போவது ஒன்று. ஆங்கிலத்தில் மூன்றுமே 'மாடல்'தான், முன்னால் வரும் அடைமொழிதான் வேறு. நாங்கள் பொறியியல் மாதிரி, தகுதிகாண் மாதிரி, பறப்பு மாதிரி என்று எழுதுகிறோம், குழப்பமில்லை.

ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று காட்டும் நாசாவின் தொழில்நுட்ப ஆயத்த நிலைகள் ஒன்பதில் புரோட்டோடைப்புக்கு ஓர் இடம் இருக்கிறது. 3-ஆம் நிலையில் கருத்து நிறுவப்படுகிறது. 4-இல் பிரெட்போர்டில் ஆய்வகச் சோதனை. 6-இல்தான், உண்மைச் சூழலை ஒத்த சூழலில், புரோட்டோடைப் என்ற சொல்லே வருகிறது. பேராசிரியர் சொன்ன குழாயைக் கண்டிப்பாகப் பார்த்தால் 4-ஆம் நிலையில் வைக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் நிலையை எண்ணாகவே கேட்டுவிட்டால் சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டாமே?

மின்னணுவியல் பேராசிரியர்:

எண் போடலாம் தாயி. ஆனால் நேர்காணலில் வாய் திறந்து ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா?

காப்புரிமை வரைவாளர்:

நடுவில் ஒன்று. கையேட்டில் காப்புரிமைப் பகுதியும் இருப்பதாகச் சொன்னீர்கள். புரோட்டோடைப் இருந்தால்தான் காப்புரிமை கேட்கலாம் என்று மாணவர்கள் நம்புகிறார்கள், தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தோடு சிறு மாடலும் கேட்ட காலம் ஒன்று உண்டு. அந்தப் பொது விதி 1880-இல் போய்விட்டது. கிரகாம் பெல்லுக்குத் தொலைபேசிக் காப்புரிமை 1876 மார்ச் 7-இல் கிடைத்தது. புரியும்படியான பேச்சு அவர் கம்பியில் போனது மார்ச் 10-இல். துறை அறிந்த ஒருவர் படித்துவிட்டுச் செய்துகொள்ளும் அளவுக்கு விவரிப்பு இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இன்னொன்று, விண்ணப்பம் போடும் முன் கண்காட்சியில் கருவியைத் திறந்து காட்டினால் பல நாடுகளில் காப்புரிமைக்கு வேண்டிய புதுமையே போய்விடும்.

சொல்லைப் பொறுத்தவரை என் ஓட்டு 'முன்மாதிரி'க்கு. ஒரு சொல்லை மக்கள் பழகிய பிறகு அதைப் பிடுங்கி வேறொன்றை நடுவது எனக்கு ஒவ்வாது.

முதலாண்டு வகுப்பு விரிவுரையாளர்:

புண்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. என் வகுப்பில் ஒருவரும் இவற்றில் எதையும் சொல்வதில்லை. 'சார், புரோட்டோ ரெடி' என்கிறார்கள். தமிழ்வழியில் பள்ளி முடித்து வரும் பிள்ளை ஏற்கெனவே ஆங்கிலப் பாடநூலோடு போராடுகிறது. அதற்குப் புரியாத தமிழ்ச்சொல் இரண்டாவது சுமை. 'புரோட்டோடைப்' என்றே தமிழெழுத்தில் எழுதினால் என்ன? வடசொல்லைத் தமிழ் எழுத்தோடு புணர்த்தி ஏற்றுக்கொள்ளத் தொல்காப்பியர் வழி சொல்லவில்லையா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சொன்னார், 'எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்றுதான் சொன்னார். பகர மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. 'புரோட்டோடைப்பு' என்று எழுத நீங்கள் தயாரா?

உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது ஐயா. ஆனால் அந்தப் பிள்ளைக்குத்தான் முதலுரு அதிகம் உதவும். 'முதல்' தெரியும், 'உரு' தெரியும். புரோட்டோடைப்பில் அதற்கு எந்தப் பகுதி தெரியும்?

இலங்கையிலிருந்து ஒரு பொறியாளர்:

முதலுருவில் உள்ள 'உரு'வைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. ரூபத்திலிருந்து வந்தது என்பவர்களும், தனித்தமிழ் என்பவர்களும் இருக்கிறார்கள். தொல்காப்பிய உரியியலில் 'உரு உட்கு ஆகும்' என்று வருகிறது, அங்கே அதற்கு அச்சம் என்று பொருள். ஆனாலும் உருவம், உருவாக்கம், எழுத்துரு, கருத்துரு எல்லாம் புழங்கிவிட்டதால் இதைக் கிண்ட வேண்டாம் என்பதே என் எண்ணம்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டது 'வேலை செய்கிறதா' என்ற கேள்வியை எழுப்பும் சொல். முதலுரு அதை எழுப்பவில்லை, தெர்மக்கோல் பெட்டியும் ஒரு முதல் உருதான். ஆகவே இயங்குரு. இயங்கு + உரு. உயிர் வர உகரம் கெட்டு இயங்குரு. வினைத்தொகை என்பதால் இயங்கிய, இயங்குகின்ற, இயங்கும் என்று மூன்று காலமும் அடங்கும். நேற்று ஓடி, இன்று நின்று, நாளை மறுபடி ஓடப்போகிற மாணவர் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடையாது.

மின்னணுவியல் பேராசிரியர்:

இது பிடித்திருக்கிறது. என் ஓட்டு இதற்கே.

கட்டுமானப் பொருள் ஆய்வாளர்:

எனக்குப் பிடிக்கவில்லை. சாம்பல் கலந்த கற்காரை (கான்கிரீட்) பாளம் செய்கிறோம். அமுக்கிப் பார்க்கிறோம், நனைத்துக் காயவைக்கிறோம். அது எங்கே இயங்குகிறது? ஒரே இடத்தில் கிடந்து பாரம் தாங்குவதுதான் அதன் வேலை. இயந்திரக்காரர்களும் கணினிக்காரர்களும் மட்டுமே பல்கலைக்கழகம் அல்ல. முதலுரு என்றால் எங்களுக்கும் இடம் இருக்கிறது.

முதலுருவுக்கு இன்னொரு வலு. 1964-இல் கணினி ஆய்வாளர் எங்கல்பார்ட்டின் எண்ணத்துக்குப் பொறியாளர் பில் இங்கிலிஷ் செய்து கொடுத்த முதல் கணினி மவுஸ் ஒரு மரக்கட்டை, அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரங்கள். இன்றைய மவுஸில் அந்த மரமும் இல்லை, அடியில் அந்தச் சக்கரங்களும் இல்லை. ஆனால் அது இதன் முதல் என்பதை யார் மறுப்பார்கள்?

கையேட்டு மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், இதற்கு மேல் தள்ள முடியாது. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பான்மை 'முன்மாதிரியை மாற்றாதே' என்கிறது. பலர் காரணம் எதுவும் சொல்லவில்லை. பழகியது இருக்கட்டும் என்கிறார்கள்.

செய்திருப்பது இது. புரோட்டோடைப் = முன்மாதிரி. மாடல் = காட்சி மாதிரி. சாம்பிள் = மாதிரிக்கூறு. பட்டியலுக்கு மேலே ஒரு வரி: 'முன்மாதிரி என்பது கருத்து நடைமுறையில் நிற்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்தது, சோதனை அளவீடுகள் இல்லாமல் ஏற்கப்படாது.' பாளமும் இதில் அடங்கும், கறுப்புக் குழாயும் அடங்கும். முன்னுரையில் இருந்த முன்மாதிரியை 'எடுத்துக்காட்டு' என்று மாற்றிவிட்டேன். முதலுருவும் இயங்குருவும் பின்னிணைப்பில் மாற்றுச்சொற்களாக இருக்கும்.

இலங்கையிலிருந்து ஒரு பொறியாளர்:

ஒரு சொல் செய்ய வேண்டிய வேலையை ஒரு வரி செய்கிறது. படிவத்தை நிரப்புகிற மாணவர் அந்த வரியைப் படிப்பாரா? நான் இயங்குருவைக் கைவிடவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பின்னிணைப்பில் போட்டதற்கு நன்றி அம்மா. சொல் புழங்க வேண்டிய இடம் அதுவன்று என்பது உங்களுக்கும் தெரியும். என் பெயர்த்தியின் செயல்திட்ட அறிக்கையில் நான் முதலுரு என்றுதான் எழுதச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் குறைந்தால் இங்கே வந்து சொல்கிறேன்.

கட்டுமானப் பொருள் ஆய்வாளர்:

எங்கள் துறையில் அடுத்து 'பைலட் பிளான்ட்' (முழு ஆலைக்கு முன் சிறிய அளவில் நடத்திப் பார்க்கும் ஆலை) நிற்கிறது. அதற்கு வெள்ளோட்டம் பொருந்துமா? மென்பொருள் தமிழாக்கர் இருக்கிறாரா?