பொருள்: ‘ஆன்டிகேரியோஜெனிக்’: எதிர்ப்பியா, தடுப்பியா?

வணக்கம். தாவரச் சாறுகள் பற்றிய கட்டுரைகளில் ‘ஆன்டிகேரியோஜெனிக்’ என்பதைப் ‘பற்சொத்தை எதிர்ப்பி’ என்றே எழுதிவருகிறோம். கலைச்சொல் தொகுப்பில் அப்படியே ஏற்றிவிடலாமா?

---

> ‘பற்சொத்தை எதிர்ப்பி’

வேண்டாமே. ஃபுளோரைடால் எனாமலுக்கு (பல்லின் கடினமான மேலடுக்கு) கூடுவதும் சொத்தை எதிர்ப்புதான். பல்லின் பண்பும் மருந்தின் வேலையும் ஒரே சொல்லில் குழம்பும். பொதுச்சொல்லாகச் ‘சொத்தைத் தடுப்பி’ போதும்.

அதற்குள்ளும் ஒரு பிரிவு தேவை. சொத்தைக்குக் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா, சுக்ரோஸிலிருந்து (சர்க்கரை) பசைபோன்ற குளுக்கனை உண்டாக்கிப் பல்லில் படலமாகப் பற்றிக்கொள்கிறது. படலத்துக்குள் அமிலம் தேங்கி பிஎச் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையும். பச்சைத் தேயிலையின் கேட்டெச்சின்கள் என்ற சேர்மங்கள் குளுக்கனை உண்டாக்கும் நொதியையே மட்டுப்படுத்துபவை. கிருமியைக் கொல்வது வேறு, ஒட்டவிடாமல் செய்வது வேறு. பின்னதற்கு ‘படலத் தடுப்பி’ என்கிறேன்.

---

> ‘படலத் தடுப்பி’

சொல் சரி, வரையறையையும் சேர்த்தே எழுதுங்கள். கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை முதலில் கண்டுபிடித்து, அதில் பாதியிலும் கால் பங்கிலும் சோதிக்க வேண்டும். கிருமி வளர்க்கும் ஊடகத்தில் 1% சுக்ரோஸ், 37 டிகிரியில் 24 மணி நேரம். மெல்லக் கழுவி, ஒட்டியிருக்கும் படலத்தை அளக்க 0.1% கிரிஸ்டல் வயலட் சாயம். வளர்ச்சி குறையாமல் படலம் மட்டும் குறைந்தால்தான் இந்தப் பெயர். இரண்டும் சேர்ந்து குறைந்தால் அது வெறும் வளர்ச்சித் தடுப்பி.

டானின் (தாவரங்களின் துவர்ப்புப் பொருள்) மிகுந்தவற்றில் கவனம்: ஊடகத்தின் புரதத்தோடு சேர்ந்து வீழ்படிவாகும். அந்தக் கலங்கலைக் கிருமி வளர்ச்சி என்று நினைத்துவிடுவார்கள். தட்டில் பரப்பி வளரும் கிருமிக் கூட்டங்களை எண்ணுவதே நம்பகம். ஒப்பீட்டுக்காகக் கரைப்பானை மட்டும் சேர்த்த சோதனைக்குழி இல்லாத முடிவுகளை நான் படிப்பதே இல்லை.

---

‘சாறு’ என்பதையும் மாற்றலாம். சாறு பிழிந்து எடுப்பது. 1 கிராம் பொடிக்கு 10 மி.லி. வீதம் 70% எத்தனாலில் 48 மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, குறைந்த அழுத்தத்தில் 40 டிகிரியைத் தாண்டாமல் வற்றவைத்துக் கிடைப்பது ‘சாரம்’. அந்த உலர்சாரத்தை நிறுத்தால்தான் மி.லி.க்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்ல முடியும். நீரில் காய்ச்சியது கஷாயம். அதில் செடியின் சர்க்கரையும் இறங்கிவிடும், கிருமிக்கு விருந்து.

---

‘சாரம்’ ஏற்கிறேன். ‘படலம்’ மட்டும் இயற்பியல் துறையினருக்கு இடிக்கும். முதல் இடத்தில் ‘உயிர்ப்படலத் தடுப்பி’ என முழுதாக எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.