ஜெர்மனியில் புது வீடு: கோளாறு வேலானிலா, இணையத்திலா?

ஜெர்மனிக்கு வந்த முதல் வாரத்திலேயே 'வேலான்' என்ற சொல் காதில் விழுந்திருக்கும். நாம் வைஃபை என்கிறோமே, அதேதான். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நெட்வொர்க் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். கடவுச்சொல்லுக்கு இங்கே 'ஷ்லுசல்', அதாவது சாவி என்று பெயர்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள்: வேலான் வேறு, இணையம் வேறு. சுவரில் இருக்கும் சாக்கெட்டிலிருந்து ரூட்டர் வரைக்கும் கம்பி வழியாக வருவது இணையம். ரூட்டரிலிருந்து உங்கள் போனுக்கு ரேடியோ அலையாக வருவது வேலான். நான் வந்த புதிதில் அம்மாவோடு வீடியோவில் பேசும்போதெல்லாம் படம் உறைந்து நிற்கும். இணைப்பு கொடுத்தவர்களை இரண்டு முறை அழைத்துக் கடிந்துகொண்டேன். கடைசியில் ஒரு நண்பர் வந்து லேப்டாப்பை லேன் கேபிளால் நேராக ரூட்டரில் செருகிப் பார்த்தார், வேகம் முழுசாக வந்தது. ரூட்டரை நடைபாதையில் இரும்பு அலமாரிக்குள் வைத்திருந்ததுதான் காரணம். நீங்களும் முதலில் இந்தக் கேபிள் சோதனையைச் செய்துவிடுங்கள். கேபிளிலும் மெதுவாக இருந்தால் அப்புறம் நிறுவனத்தை அழைக்கலாம்.

ரூட்டர் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். ஐரோப்பாவில் அதில் 13 சேனல்கள் உண்டு என்றாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கிடப்பதால் 1, 6, 11 என மூன்றைத்தான் இடிபடாமல் சேர்த்துப் பயன்படுத்த முடியும். அடுக்குமாடியில் இருபது வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள்தான் முட்டி மோதுகின்றன. போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இடமும் தாராளம், ஆனால் கான்கிரீட் சுவர் ஒன்றிரண்டு குறுக்கே வந்தாலே சோர்ந்துவிடும். அதனால் ரூட்டரை வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். ஒரே அறை வீடு என்றால் 5 மட்டுமே போதும்.

ரூட்டரின் பாதுகாப்பு அமைப்பில், வேலானைப் பூட்டும் முறையாக டபிள்யூபிஏ2 (WPA2) அல்லது டபிள்யூபிஏ3 (WPA3) இருக்கட்டும். விருந்தாளிகளுக்குத் தனியாக கெஸ்ட் நெட்வொர்க் திறந்து கொடுங்கள். இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: டோரண்டில் படம் இறக்காதீர்கள், அறைத் தோழர்களிடமும் சொல்லிவையுங்கள். இங்கே அதற்கு வக்கீல் கடிதம் வரும், நூற்றுக்கணக்கான யூரோ கேட்டு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்குத்தான் வரும்.

நிறுவனம் மாத வாடகைக்கு ரூட்டர் தருகிறேன் என்றால் உடனே தலையாட்ட வேண்டாம். 2016 ஆகஸ்ட் முதல் சொந்த ரூட்டர் வைத்துக்கொள்ள சட்டமே இடம் தருகிறது. இரண்டு வருட வாடகையைக் கூட்டிப் பாருங்கள். சொந்தமாக வாங்குவதென்றால், வீட்டுக்கு வருவது டிஎஸ்எல்லா (தொலைபேசிக் கம்பி), டிவி கேபிளா, ஃபைபரா (கண்ணாடி இழை) என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒன்றுக்கான ரூட்டர் பெரும்பாலும் மற்றதில் வேலை செய்யாது.