மாதச் சம்பளம் 13,400 ரூபாய்: கணவரின் குடிக்கு எங்கே சிகிச்சை பார்ப்பது? (வியாசர்பாடி)

கேட்டவர்: ஜீவா_ஸ்டேஷன்

வணக்கம். பெயர் வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் தையல் வேலை செய்கிறேன். கணவர் தச்சர், வயது 38. வார்ட்ரோப், கதவு, பாலிஷ் எல்லாம் செய்வார், கை வேலை சுத்தமாக இருக்கும். இருந்தது என்று சொல்ல வேண்டும். இப்போது காலையில் பென்சிலால் ஒரு கோடு போடக் கை நிற்பதில்லை. டாஸ்மாக் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் இரவே ஒரு குவார்ட்டர் வாங்கி, உப்புத்தாளில் சுற்றி, உளிப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். காலையில் அதைக் குடித்தால்தான் உளியைப் பிடிக்க முடிகிறது.

மாமியாரின் காரியத்துக்காக இரண்டு நாள் குடிக்காமல் இருந்தார். நானும் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் வலிப்பு வந்துவிட்டது. கையில் சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் மீண்டும் குடித்தார், நடுக்கம் நின்றது. அதைப் பார்த்து எனக்கே "குடிக்கட்டும்" என்று தோன்றிவிட்டது.

போன வாரம் புறநகரில் ஒரு மையத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். மாதம் 18,000, குறைந்தது மூன்று மாதம், முன்பணமாக முப்பதாயிரம். வர மறுத்தால் வண்டியோடு நான்கு ஆட்களை அனுப்பித் தூக்கி வருவார்களாம், அதற்குத் தனியாக 4,000. முதல் மாதம் போனில்கூடப் பேச முடியாது. உள்ளே இருந்தவர்கள் எல்லோருக்கும் மொட்டை. டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டதற்கு ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். பயந்து திரும்பி வந்துவிட்டேன்.

இவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி மட்டும் வேண்டாம், தெருவில் பையனைக் கேலி செய்வார்கள்" என்கிறார். பையன் ஏழாவது படிக்கிறான். என் தோடு, ஒரு சீட்டு, இரண்டையும் சேர்த்தால் இருபதாயிரம் தேறும். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் பொடி ஒன்று 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று எதிர்வீட்டு அக்கா சொல்கிறார். அதை முதலில் பார்க்கலாமா?

பதில்: ஓய்வு_செவிலி

பொடி வேண்டவே வேண்டாம். அப்படி விற்கும் சில பொடிகளில் டைசல்ஃபிரம் மாத்திரையைத்தான் அரைத்துக் கலக்கிறார்கள். அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். உயிருக்கே ஆபத்தாகலாம். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் பரிசோதித்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. பின்னாளில் மருத்துவரே எழுதிக் கொடுத்தாலும் இவர் பாலிஷ் வேலை செய்பவர் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்துப் பூசும்போது வரும் ஆவிகூட அந்த மருந்தோடு ஒத்துப்போகாது.

அடுத்தது அந்த வலிப்பு. குடி திடீரென்று நின்றதால் வந்தது அது. தினமும் குடிப்பவர் நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் இல்லாத பூச்சிகளைத் தட்டுவார்கள். அந்தக் கட்டத்தில் ஆள் இறந்துபோவதும் உண்டு. ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். எனவே வீட்டில் நீங்களாக நிறுத்தாதீர்கள். படுக்கை வசதியுள்ள மருத்துவமனையில் நடுக்கத்துக்கு மருந்து கொடுத்து, அதை நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். குளுக்கோஸுக்கு முன்பாகத் தயமின் (பி1 வைட்டமின்) ஊசி போட வேண்டும். பல சின்ன கிளினிக்குகளில் இதை மறந்துவிடுகிறார்கள். வலிப்பு வந்தால் சாவி தேடி ஓடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா? 0.75 சதவீதம், உங்களுக்கு நூறு ரூபாய் சொச்சம் வரும். பிடித்தால் கணவருக்கும் அதில் மருத்துவம் உண்டு. அட்டையில் அவர் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று கம்பெனியில் கேளுங்கள். கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

பதில்: பழைய_லேத்

அம்மா, நான் வில்லிவாக்கத்தில் லேத் பட்டறையில் இருந்தவன். குடியை விட்டுப் பதினொரு வருடம் ஆகிறது. உளிப் பையில் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான் மெஷின் எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் வைப்பேன்.

கீழ்ப்பாக்கத்தைப் பற்றி முதலில். 1794-லிருந்து இருக்கும் மருத்துவமனை, அந்தப் பேரைச் சொல்லியே இந்த ஊரில் பிள்ளைகள் ஒருவரையொருவர் திட்டி வளர்ந்திருக்கிறோம். உங்கள் வீட்டுக்காரரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே போதை மீட்புக்கென்று தனி வார்டு இருக்கிறது. இருந்தும் பெயர் தடுக்கிறது என்றால் வியாசர்பாடிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை எவ்வளவு தூரம்? புறநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்தில் மனநலப் பிரிவு என்று சொல்லுங்கள். "கல்லீரல் பார்க்க ஸ்டான்லிக்குப் போகிறார்" என்றால் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அது பொய்யும் ஆகாது. காலையில் சீக்கிரம் போங்கள். அன்று காலைக்கான குவார்ட்டரை மறைத்துவைத்துச் சண்டை போட வேண்டாம். எவ்வளவு குடித்தார், கடைசியாக எப்போது, வலிப்பு வந்த நாள் எது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இலவசம் என்பார்கள், மருந்தும் படுக்கையும் இலவசம்தான். ஆனால் நான் படுத்திருந்த அரசு வார்டில் துணைக்கு ஓர் ஆண் இருக்க வேண்டும் என்றார்கள். என் மைத்துனன் ஒன்பது இரவு தரையில் பாய் விரித்துப் படுத்தான். அன்று அவன் நாள்கூலி 700 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், 6,300. பால், ரொட்டி, ஆட்டோ தனி. தோட்டை இப்போதே விற்காதீர்கள். சீட்டுப் பணத்தை இந்தச் செலவுக்கு ஒதுக்குங்கள். துணைக்கு வரப்போவது யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். டிஸ்சார்ஜ் ஆன நாற்பத்தோராம் நாள் நான் மறுபடி குடித்தேன். போனஸ் போட்ட நாள். மைத்துனன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டாவது முறை சேர்ந்து வெளியே வந்தபோது வார்டில் பழகிய ஒருவர் ஏ.ஏ. கூட்டத்துக்கு இழுத்துப் போனார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. ஒரு பள்ளிக்கூட அறை, டீ, கடைசியில் ஒரு பை சுற்றி வரும், இருந்தால் பத்து ரூபாய் போடலாம். மருத்துவமனை என் உடம்பிலிருந்து சாராயத்தை எடுத்தது பத்து நாளில். சாயங்காலம் ஆறு மணி என்ற ஒன்று இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று அங்கேதான் கற்றேன். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. என் மனைவி முதல் நாள் அங்கே போய் ஒரு வார்த்தை பேசாமல் அழுதுவிட்டு வந்தாள், அடுத்த வாரம் எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

பதில்: தாம்பரம்_தம்பி

எல்லோரும் நல்லபடியாகச் சொல்கிறீர்கள். சிலருக்குப் பூட்டி வைத்தால்தான் சரிப்படும். என் அண்ணனை அப்படி ஒரு மையத்தில் நான்தான் சேர்த்தேன். மூன்று மாதம். வெளியே வந்து ஒரு வருடம் குடிக்கவில்லை. என்னோடு இன்றுவரை பேசவும் இல்லை.

பதில்: ஓய்வு_செவிலி

தம்பி, உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதை சிகிச்சைக்கும் பொருந்தும். கட்டாய மொட்டை கூடாது, சங்கிலியால் கட்டுவது கூடாது. மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்டாலே பாதி இடங்களில் குரல் மாறும். இங்கே இந்த மனிதர் வர ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொள்பவருக்கு எதற்கு நான்கு ஆள்?

தனியாரில்தான் வேண்டும் என்றால் இந்திரா நகரில் டி.டி. ரங்கநாதன் மையம் இருக்கிறது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது. கட்டணம் உண்டு, வருமானத்தைச் சொல்லி நேரில் கேளுங்கள். வீட்டாரும் வகுப்புக்கு வர வேண்டியிருக்கும் என்பதால் உங்கள் விடுப்பையும் கணக்கில் வையுங்கள். மத்திய அரசு நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மையங்களும் உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் கேட்டால் அருகில் உள்ளதைச் சொல்வார்கள். இரவில் மனம் தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். உங்களுக்காகவும் பேசலாம்.

கேட்டவர்: ஜீவா_ஸ்டேஷன்

எல்லோருக்கும் நன்றி. ஈ.எஸ்.ஐ. அட்டையில் இவர் பெயர் இல்லை, திருமணத்துக்கு முன் எடுத்தது. கம்பெனியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அதற்குக் காத்திருக்காமல் திங்கட்கிழமை ஸ்டான்லிக்குப் போய்விட்டோம். லேத் ஐயா சொன்னபடி தாளில் எழுதிக் கொடுத்தேன். வலிப்பு என்று படித்ததும் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். இரவுக்கு என் தம்பி இருக்கிறான். பகலில் இவருடைய பழைய மேஸ்திரி வந்து உட்காருகிறார். நான் கேட்கவே இல்லை, தானாக வந்தார்.

மூன்றாம் இரவு தம்பியை யாரென்று தெரியாமல் திட்டினாராம். சிஸ்டர் எழுதியதை முன்பே படித்துக் காட்டியிருந்ததால் அவன் பயப்படவில்லை. இன்று ஐந்தாம் நாள். இட்லி சாப்பிட்டார். வரும்போது தச்சுப் பென்சிலும் வெள்ளைத்தாளும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

ஐயா, ஞாயிற்றுக்கிழமைகளில் பெரம்பூர் பக்கம் கூட்டம் இருக்கிறதா? எனக்கு அன்று மட்டும்தான் விடுமுறை.

பதில்: பழைய_லேத்

இருக்கிறது அம்மா. இடத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். பையனையும் அழைத்து வாருங்கள், வெளியே விளையாட இடம் உண்டு.