சுண்டெலியைத் தவிர எதையும் தொடாத பால் பைத்தான்: வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே, வியாசர்பாடியில இருந்து எழுதுறேன். எங்கிட்ட மூணு வயசு ஆண் பால் பைத்தான் (Ball Python, ஒரு வகை மலைப்பாம்பு) இருக்கான். பரிவேஷ்ங்கிற அரசு இணையதளத்துல பதிவு பண்ணியாச்சு, அதனால சட்டப் பேச்சு வேணாம். (எதிர்வீட்டு ஆயா "பாலு வைப்பா, குடிக்கும்"னு தினமும் சொல்லுது. பேருலதான் பால், ஆயா!)

எடை 900 கிராம். முன்னாடி வளர்த்தவர் உயிருள்ள சுண்டெலி மட்டுமே கொடுத்துப் பழக்கிட்டார். இந்த உடம்புக்கு அது கொசுறு மாதிரி. உறைய வெச்ச எலிக்கு மாத்தப் பார்க்கிறேன். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்ல வெச்சு உருக்கி, கவர்ல போட்டு வெந்நீர்ல சூடாக்கி, இடுக்கியில பிடிச்சு ஆட்டினா, நாக்கை நீட்டி மோந்துட்டுப் பந்து மாதிரி சுருண்டுக்கிறான். சுண்டெலி படுத்திருந்த மரத்தூள்ல எலியைப் புரட்டியும் கொடுத்தேன், ம்ஹூம். அஞ்சு வாரமாச்சு. எடை 20 கிராம்தான் குறைஞ்சிருக்கு. இந்த இனம் மாசக்கணக்குல பட்டினி கிடக்கும்னு தெரியும், ஆனாலும் மனசு கேட்கலை.

சூடான பக்கம் 32 டிகிரி. கரண்டு போனா இறங்கிடுது, அதுவும் காரணமா இருக்குமோ?

கோழிக்கறித் துண்டு போடச் சொல்லாதீங்க, எலும்போட முழு இரைதான் வேணும். முதல்ல செத்த சுண்டெலிக்குப் பழக்கிட்டு அப்புறம் எலிக்குப் போகணுமா? இல்ல ராத்திரி இருட்டுல பெட்டிக்குள்ளேயே விட்டுடலாமா? மாத்தினவங்க சொல்லுங்க. வேப்பேரி பக்கம் பாம்பு பார்க்குற டாக்டர் தெரிஞ்சாலும் சொல்லுங்க. காசிமேட்டு வஞ்சிரம் வைக்கிற ஃப்ரீசர்ல எலியைப் பார்த்ததுல இருந்து அம்மா எங்கிட்ட பேசுறதில்லை.